விட்டாச்சு, அப்புறமும் ஏன்?

வாட்ஸாப்பில் அடிக்கடி சுற்றும் பட்டியல் ஒன்று உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைசி சிகரெட்டை அணைத்த 20 நிமிடத்தில் நாடித்துடிப்பு இறங்கும். 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்புக்கு வரும். ஒரு வருஷத்தில் இதய நோய் ஆபத்து பாதியாகும். பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாகும். நெஞ்சு மருத்துவர்களின் அறைக்கு வெளியே இதையே சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை, யாரோ நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எரிச்சல் வரும். காரணம் என் சித்தப்பா.

சித்தப்பா அம்பாசமுத்திரம் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் பீடி. சிகரெட் போல அது தானாகப் புகைந்துகொண்டிருக்காது, இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அதனால் பீடி குடிக்கிறவர் அடிக்கடி, ஆழமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்தி வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சுற்றுவார், சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து ஊதித் தள்ளுவார். படியேறினால் மூச்சு வாங்கி, டவுனில் டாக்டரிடம் போய், சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைத்து மூச்சு குறைந்துகொண்டே போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று பேர் சொல்லி, இன்ஹேலர் கொடுத்து அனுப்பினார்கள். அன்றைக்கே பீடியை விட்டார். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றிய ஆள் அவர் ஒருத்தர்தான். ஆனால் இருமல் போகவில்லை, சளி போகவில்லை, மார்கழியில் இரண்டு முறை நெபுலைசர் வைக்க வேண்டியிருந்தது. ஒருநாள் கேட்டார்: “பீடியத் தொட்டு வருசக்கணக்காச்சுல்லா, இன்னும் ஏம்ல மூச்சு இளைக்கு?” பட்டியலில் அதற்குப் பதில் கிடையாது. எனக்கும் அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

காற்றறைக்குள் இருக்கிறவர்கள்

நம் நுரையீரலில் சராசரியாக 48 கோடி காற்றறைகள். அவற்றின் உட்சுவரில் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் திரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் தூசி, கிருமி, செத்த செல் எல்லாவற்றையும் தின்று செரித்துச் சத்தமில்லாமல் அகற்றுவதுதான் அவற்றின் வேலை. தெருக்கூட்டும் தொழிலாளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், சண்டை போடுவது கடைசிபட்சம்தான். எலிகளில் பார்த்தவரை, இவற்றில் பெரும்பாலானவை பிறப்பை ஒட்டிய நாட்களிலேயே நுரையீரலில் குடியேறி, அங்கேயே பெருகி வாழ்கிறவை. புகை வர ஆரம்பித்ததும் ரத்தத்திலிருந்து புதிதாக ஆட்கள் இறங்குகிறார்கள். புகைக்கிறவரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் மேக்ரோஃபேஜ்கள் பல மடங்கு அதிகம் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் வயிறு முழுக்கப் பழுப்பு நிறத் துணுக்குகள்.

எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பும் கூடுமே என்று தோன்றும். அப்படி இல்லை. கூட்டம் கூடினாலும் வேலை நடப்பதில்லை. செத்த செல்களை விழுங்கும் திறன் சிஓபிடி நோயாளிகளின் மேக்ரோஃபேஜ்களுக்குக் குறைவு என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்த ஆய்வாளர்கள் 2003ல் காட்டினார்கள். விழுங்கப்படாத செத்த செல்கள் வெடித்துக் கசியும், அந்தக் கசிவு இன்னும் அழற்சியைக் கூப்பிடும். போதாததற்கு, மேக்ரோஃபேஜ்களும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களும் சுரக்கும் நொதிகள் காற்றறையின் சுவரில் உள்ள எலாஸ்டின் என்ற ரப்பர் போன்ற புரதத்தையே அரிக்கின்றன. மூச்சை வெளியே விடும்போது காற்றறை தானாகச் சுருங்குவது அந்த எலாஸ்டினால்தான். இந்தச் சங்கதிக்கு முதல் துப்பு 1963ல் ஸ்வீடனில் கிடைத்தது: அந்த நொதிகளை அடக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவாக இருந்தவர்களுக்கு எம்ஃபசீமா, அதாவது காற்றறைச் சுவர் சிதையும் நோய், சீக்கிரம் வந்தது. 1997ல் எலிகளில் எம்எம்பி-12 என்ற மேக்ரோஃபேஜ் நொதியை நீக்கிவிட்டுப் புகை காட்டினார்கள். அந்த எலிகளுக்கு எம்ஃபசீமா வரவில்லை. புகை நேரடியாகச் செய்யும் சேதம் ஒரு பக்கம் இருக்க, காற்றறையைத் தின்பதில் நம் செல்களுக்கே பெரிய பங்கு இருக்கிறது.

இது எப்போது ஆரம்பிக்கிறது என்பதுதான் என்னை உறுத்தியது. 1974ல் வந்த ஒரு ஆய்வில், மருத்துவமனைக்கு வெளியே திடீரென இறந்துபோன இளைஞர்களின் நுரையீரல்களைப் பார்த்திருக்கிறார்கள். சராசரியாக இருபத்தைந்து வயது. சிகரெட் பிடித்தவர்களின் சிறு மூச்சுக்குழாய்களில் பழுப்பு மேக்ரோஃபேஜ்கள் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருந்தன. படியேறினால் மூச்சு வாங்குகிற வயதா அது?

பீடி மட்டும்தானா

சித்தப்பாவுக்கு முப்பதுகளில் டிபி வந்து, ஊசியும் மாத்திரையுமாகக் குணமாகியிருக்கிறது. இதை அவர் எந்த டாக்டரிடமும் தானாகச் சொன்னதில்லை, சித்திதான் ஒவ்வொரு தடவையும் குறுக்கிட்டுச் சொல்வார். டிபி ஆறிய பிறகும் மூச்சுக்குழாயில் அடைப்பை விட்டுவிட்டுப் போகும், ஆகவே அவர் நெஞ்சில் இருப்பதை எல்லாம் பீடியின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. ஆனால் அந்த டிபிக்கும் பீடிக்குமே தொடர்பு இருக்கலாம். டிபி கிருமி குடியிருப்பது இதே மேக்ரோஃபேஜுக்குள்தான்.

இந்தத் தொடர்பை உலகத்துக்குப் பெரிய அளவில் காட்டிய ஆய்வு நம் ஊரில் நடந்தது. சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை வீடு வீடாக விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். வெ. கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலானவர்களும் 2003ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். புகைக்கிறவர் டிபியில் சாகும் வாய்ப்பு, புகைக்காதவரைவிட நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் டிபியால் சாகும் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்று கணக்கிட்டார்கள். சிகரெட் என்றாலே புற்றுநோய் என்று மட்டும் நாம் பழகிவிட்டோம். பெட்டியில் போடும் படமும் அதுதான். பீடிக்கட்டில் டிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் நான்கு மடங்கு என்பதற்கு ஒரு விடை 2016ல் கேம்பிரிட்ஜில் லலிதா ராமகிருஷ்ணனின் குழுவிடமிருந்து வந்தது. (சிதம்பரத்தில் பிறந்து நோபல் வாங்கிய வெங்கியின் தங்கை இவர்.) ஸீப்ரா மீன்களில் சில மேக்ரோஃபேஜ்கள் செரிக்க முடியாத குப்பையை உள்ளே அடைத்துக்கொண்டு வீங்கி, நகர முடியாமல் கிடப்பதையும், அந்த மீன்களை டிபி வகைக் கிருமி எளிதாக வீழ்த்துவதையும் பார்த்தார்கள். அப்புறம் புகைக்கிற மனிதர்களின் நுரையீரல் மேக்ரோஃபேஜ்களை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அதே கதை: செரிமானப் பை முழுக்கப் புகைத் துகள். டிபி கிருமி இருக்கும் இடத்துக்கு அவை சரியாக நகரவில்லை.

சித்தி பீடி குடித்ததில்லை. ஆனால் நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதியவர். அவருக்கும் இருமல் உண்டு, அதற்கு இதுவரை யாரும் குழாயில் ஊதி நுரையீரலைச் சோதித்துப் பார்க்கச் சொன்னதில்லை. அது இன்னொரு கட்டுரைக்கு உண்டான கோபம், இங்கே வேண்டாம்.

விட்ட பிறகு

பீடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் சித்தப்பாவுக்கு இருமல் கூடியது. இது பலருக்கும் நடக்கிறது. மூச்சுக்குழாயின் உட்புறம் சிலியா என்ற நுண்மயிர்கள் சளியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். புகையில் மயங்கிக் கிடந்த அவை திரும்ப வேலைக்கு வரும்போது, தேங்கிக் கிடந்ததெல்லாம் வெளியே வரும். “விட்டதும்தான் ஜாஸ்தியாச்சு” என்று சொல்லி, இந்தக் கட்டத்தில் திரும்பப் பற்றவைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்த வாட்ஸாப் பட்டியலில் இந்த ஒரு வரி இருந்தால் அவர்களில் சிலராவது தாக்குப்பிடித்திருப்பார்கள்.

சரி, இருமல் அடங்கிய பிறகு? நான் சட்டென்று நின்றது நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தில் செய்த ஓர் ஆய்வில். 2005ல் வெளியானது. இரண்டு வகையான புகைப்பாளர்களைப் பிடித்து, ஒரு வருஷம் புகையை முழுக்க நிறுத்தவைத்து, முன்னும் பின்னும் சளியைச் சோதித்தார்கள். ஒரு வகை, பல வருஷம் புகைத்தும் நோய் எதுவும் வராதவர்கள். இன்னொரு வகை, சிஓபிடி வந்தவர்கள். நோய் வராதவர்களுக்குச் சளியில் மேக்ரோஃபேஜ் எண்ணிக்கை இறங்கியது, அழற்சி தணிந்தது. சிஓபிடி உள்ளவர்களுக்கு நியூட்ரோஃபில்களும், லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களும், நியூட்ரோஃபில்களைக் கூவி அழைக்கும் ஐஎல்-8 என்ற சேதிப் பொருளும் ஒரு வருஷம் கழித்துக் கூடியிருந்தன. ஆமாம், கூடியிருந்தன. புகை நின்றது, உள்ளே சண்டை நிற்கவில்லை. பழுது பார்க்கும் வேலையே அப்படித் தெரிகிறதோ என்று அந்த ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் சித்தப்பாவின் கேள்வி நியாயமானது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. 2004ல் வான்கூவரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாக் குழு, அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த 159 பேரின் நுரையீரல்களில் சிறு மூச்சுக்குழாய்களைப் பார்த்தது. நோய் முற்ற முற்ற அங்கே பி செல், டி செல் என்ற லிம்ஃபோசைட்கள் கூடிக் கழலை போல முடிச்சுகளாகத் திரண்டிருந்தன. தொண்டையில் டான்சில் இருப்பதுபோல, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு நோயெதிர்ப்பு முகாம். முகாம் போட்ட பிறகு அதற்குப் புகை தேவையில்லை. சேதமடைந்த குழாயில் குடியேறும் பாக்டீரியா போதும், சிதைந்த நம் சொந்தத் திசுவின் துண்டுகளும் போதும். அப்புறம் ஸ்டீராய்டு விஷயம். ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கிறது, சிஓபிடிக்காரருக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. அழற்சி மரபணுக்களை அணைக்க ஸ்டீராய்டுக்கு ஹெச்டிஏசி-2 என்ற நொதி துணை வேண்டும். லண்டனில் இட்டோவும் பீட்டர் பார்ன்ஸும் 2005ல் காட்டியபடி, நோய் கடுமையாகும் அளவுக்கு அந்த நொதியின் செயல்பாடு நுரையீரலில் குறைந்துகொண்டே போகிறது.

பழைய பழுப்பு மேக்ரோஃபேஜ்களும் உடனே காலி செய்வதில்லை. புகையை விட்டவர்களின் நுரையீரல் திசுவைப் பார்த்த ஓர் ஆய்வில் பாதிப் பேரிடம் அவை இன்னும் இருந்தன, சிலர் விட்டுப் பல்லாண்டு ஆகியிருந்தும். 2024ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் ஆயிரம் ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்து இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கிருமியைக் கண்டவுடன் பாயும் முதல்கட்ட எதிர்ப்பில் புகை ஏற்படுத்திய மாற்றம், விட்ட பிறகு சீக்கிரம் மறைகிறது. டி செல், பி செல் சம்பந்தப்பட்ட இரண்டாம் கட்ட எதிர்ப்பில் ஏற்பட்ட மாற்றமோ வருஷக்கணக்கில் தங்குகிறது. டிஎன்ஏ மீது ஒட்டும் மெத்தில் குறிகளோடு அதற்குத் தொடர்பிருக்கிறது. அது ரத்தம், நுரையீரல் இல்லை. அவர்கள் நோயாளிகளும் இல்லை. ஆனாலும் குரோனிங்கன் சளியையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

இரண்டு காகிதங்கள்

இவ்வளவையும் படித்துவிட்டு நான் சித்தப்பாவிடம் என்ன சொல்வது? ‘உங்கள் செல்கள் மாறிவிட்டன, விட்டாலும் முழுசாக மாறாது’ என்றா? அந்தத் தவிப்போடுதான் அடுத்த தடவை அவரோடு டாக்டரிடம் போனேன். மூக்கில் கிளிப் போட்டு, அட்டைக் குழாயை வாயில் கவ்வக் கொடுத்து, அந்த டெக்னீஷியன் பெண் “ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்” என்று கத்தினார். சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று தடவை. கடைசியில் ஒரு காகிதம் வந்தது. டாக்டர் ஃபைலைப் புரட்டி, ஏழு வருஷத்துக்கு முந்தைய முதல் காகிதத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். முதல் நொடியில் ஊதித் தள்ளிய காற்று அன்றைக்கு 1.38 லிட்டர். இன்றைக்கு 1.19.

சித்தப்பா முகம் விழுந்துவிட்டது. “குறைஞ்சிட்டுல்லா டாக்டர்.” டாக்டர் சிரித்தார். “ஐயா, இதுதான் நல்ல செய்தி. இந்தளவு வயசானா யாருக்கும் குறையும். நீங்க குடிச்சிட்டே இருந்திருந்தா இந்நேரம் ஒரு லிட்டருக்குக் கீழ இருந்திருப்பீங்க. கட்டில்லேர்ந்து பாத்ரூம் போகவே ஆள் வேணும்.” பேனாவால் ஒரு மூலையில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு பார்த்தேன். 1977ல் லண்டனில் ஃப்ளெட்சரும் இதே ரிச்சர்ட் பீட்டோவும் வேலைக்குப் போகும் ஆண்களை எட்டு வருஷம் தொடர்ந்து ஊதவைத்துச் சொன்னது: போனது திரும்பாது, ஆனால் விட்ட நாளிலிருந்து சரியும் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு வந்துவிடும். பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆரம்பநிலை அடைப்புள்ள 5,887 புகைப்பாளர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், பதினோரு வருஷக் கணக்கில் ஆண்களுக்குக் கிடைத்த எண்: விட்டவர்களுக்கு வருஷத்துக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் இழப்பு, தொடர்ந்தவர்களுக்கு 66. சித்தப்பாவுக்கு ஏழு வருஷத்தில் போனது 190. தொடர்ந்திருந்தால் 460ஐத் தாண்டியிருக்கும். அந்த 270 மில்லிலிட்டர்தான் அவர் இன்றைக்கும் ஆற்றங்கரை வரை நடந்து போய்க் குளித்துவிட்டு வருகிறார் என்பதன் பொருள்.

உள்ளே முகாம் கலையவில்லை, சரி. ஆனால் அதற்குத் தினமும் தீனி போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. இது இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. பட்டியல்காரர்கள் ஒன்றை மட்டும் சொல்கிறார்கள். திண்ணைப் பேச்சுக்காரர்கள் மற்றதை மட்டும் பிடித்துக்கொண்டு “விட்டு என்னத்தக் கண்டான்” என்கிறார்கள். என் ஆதங்கமெல்லாம், நோயாளியிடம் முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொன்னால் என்ன என்பதுதான். இருமல் இருக்கும், சளி இருக்கும், மழைக்காலத்தில் படுத்துவிடுவீர்கள், ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும், இன்ஹேலரை நன்றாக இருக்கிறது என்று நிறுத்தக் கூடாது. ஏனென்றால் உங்கள் எதிர்ப்பு செல்கள் பழைய நிலைக்கு முழுசாகப் போகாது. இப்படிச் சொன்னால் அவர் ஏமாற்றப்பட்டதாக உணர மாட்டார். சித்தப்பா ஏழு வருஷமும் தான் ஏதோ தப்புச் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். பத்தியத்தில் குறையோ, தயிர் சாப்பிட்டதோ என்று.

இதையெல்லாம் அவர் மகனிடம் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. அவன் திருநெல்வேலியில் வேலை, தினமும் ஒரு பாக்கெட் சிகரெட். “அப்போ விட்டாலும் உள்ள சரியாகாதுன்னு நீயே சொல்லுற. பிறகு எதுக்குண்ணே விடணும்?” என்றான். உண்மையைச் சொல்வதில் இந்த ஆபத்து உண்டு, பட்டியல்காரர்கள் பயப்படுவதும் இதற்காகத்தான் என்று புரிந்தது. ஆனால் அவனுக்கான பதில் அதே குரோனிங்கன் ஆய்வில் இருக்கிறது. நோய் வருவதற்கு முன்னால் விட்டவர்களுக்கு அழற்சி தணிந்தது. 2020ல் இங்கிலாந்தில் மூச்சுக்குழாயின் உட்தோல் செல்களைப் பார்த்தவர்களும், புகையை விட்டவர்களில் சிலரிடம் 40 சதவீதம் வரை செல்கள் புகைக்காதவரின் செல் மாதிரியே இருந்ததைக் கண்டார்கள். கெடாமல் எங்கோ பதுங்கியிருந்தவை பெருகியிருக்கின்றன. அப்பாவுக்குக் கிடைக்காதது உனக்கு இன்னும் கிடைக்கும்டா என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் அவனும் ஊதிப் பார்த்தான், நான் நச்சரித்ததால். ரிப்போர்ட் நார்மல். போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி, கீழே ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டிருந்தான். 1974ல் பார்த்த அந்த இருபத்தைந்து வயசுப் பையன்களையும் ஊதச் சொல்லியிருந்தால் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நார்மல் என்றுதான் வந்திருக்கும், அந்தக் கருவி மேக்ரோஃபேஜை எண்ணுவதில்லை என்று பதில் போட்டேன். கூடவே பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணையும், அது இலவசம் என்பதையும். நீல டிக் வந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.